வழக்கறிஞர் ம. சிங்காரவேலர்

சென்னைமாநகரின் வடபால், இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர்க் கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையில் வாழும் நம்மனோர்க்கு, நகராண்மைக் கழகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முதற்கண் நினைவுக்கு வருவது தெருவிளக்கும் குழாய்நீரும் அல்ல. வாயிலில் வந்து நிற்கும் சேவகன் கையிலுள்ள நோட்டீசேயாகும். குடிசையின் தாழ்வாரம் தெருவெல்லைக்குள் புகுந்துவிட்டது என்று ஒரு நோட்டீசு. லைசென்சு பெறாமல் மீன் உலர்த்தப்பட்டது என்று ஒரு நோட்டீசு. வரி நிலுவை என்று மற்றொன்று. அதனைப் பெற்றவர் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்ததும், அவர் அகப்படுவதற்குள் தவணை கடந்துபோனதும் நம் பாட்டன்மார் காலத்துப் பழங்கதைகள். முழுவதும் பழங்கதையாய்விட்டன என்று சொல்லவும் நா எழவில்லை.

அந்த நோட்டீசுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதனை நம் அன்பர்களிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நகராண்மைக் கழகத்தின் பேரால் மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் வழக்கு நடத்துதற்கென ஒரு வக்கீல் உண்டு. முன்னாளில் கலப்பட நெய் விற்றவன், அனுமதியின்றிச் சுவர் எழுப்பியவன், நடைபாதையிற் பந்தலிட்டவன் ஆகியோர்மேல் அவர் வழக்குரைத்து வந்தார். ஐந்தும் பத்துமாய் அபராதம் விழுந்தது. கழகத்துக்குச் சட்ட ஆலோசனை கூறுபவர் மற்றொருவர். ஒப்பந்தப் பத்திரம் எழுதுதல், பொதுக்காரியத்துக்கென நிலம் எடுத்தல், வீட்டுவரி மதிப்பு மிகுதி என்று சிறுவழக்கு நீதிமன்றமாகிய ஸ்மால்காஸ் கோர்ட்டுக்கு வந்த அப்பீல்களுக்கு மறுமொழி கூறுதல் முதலியன அவர்தம் பணியாய் இருந்தன. பார்வைக்கு இவை சில்லறை அலுவல்களே. ஆயினும் பெருங்கொலை வழக்கு ஒரு குப்பத்துக்குத் தலைமுறைக்கு ஒருமுறை வரலாம். இச்சில்லறை வழக்கோ ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு வாயிலுக்கும் வரும். எளியவர்க்குச் சட்டம் என்பது இதுவே.

இவ்வுத்தியோகங்களில் நம் கடற்கரையிற் பிறந்த ம. சிங்காரவேலர் அமர்ந்தாரல்லர். அவர் நின்றது எதிர்ப்பக்கம். ஹைக்கோர்ட்டு வக்கீலாய் இருந்து அத்தொழிலைத் துறந்தவர். பின்னர்ச் சென்னை நகராண்மைக் கழகத்தின் அங்கத்தினராய் அமர்ந்தவர். அதற்கு முன்னும் பின்னும் குற்றவாளி என்ற பேரால் அரசாங்கத்தால் வழக்கிடப்பட்டவர். சட்டத்தின் மூன்று திசைகளையும் ஒரு பிறவியிற் கண்டவர் அவரன்றி நம் மரபில் வேறு யாருளர்? இவர் வரலாற்றைப் பொதுவுடைமைக் கட்சியார் தம் கட்சிக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துப் பேசுவர். நம்மவர் குலப்பெருமைக்கு வேண்டிய பகுதியை மட்டும் பேசுவர். வழக்கறிஞர் என்ற முறையில் அவரை நோக்குவார் அரியர். ஆதலின் அவ்வழியே சிறிது சொல்லப் புகுகின்றோம்.

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் திருவல்லிக்கேணியை அடுத்த அயோத்தியா குப்பத்தில், வேங்கடாசலனார்க்கும் வள்ளியம்மையார்க்கும் மகனாய்த் தோன்றினார். அவர் பிறந்த காலத்தில் இன்று நாம் காணும் பரந்த மெரினா மணல்வெளி இல்லை. கடல் மிக அணித்தாய் இருந்தது. 1875-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் பதினைந்து வயதுப் பிள்ளையாய் இருந்தபொழுது, சென்னைத் துறைமுகத்துக்குக் கடலினுள் கற்சுவர் எழுப்பும் வேலை தொடங்கிற்று. 1881-இல் புயல் ஒன்று அதனைத் தகர்க்க, மீண்டும் எழுப்பினர். நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடல் ஓயாது மணலைச் சுமந்து செல்வது. அம்மணலை அக்கற்சுவர் தடுத்து நிறுத்திற்று. விளைவு யாது? துறைமுகத்தின் தென்பால் மணல் ஆண்டுதோறும் வளர்ந்து மெரினா ஆயிற்று. வடபால், மணல்வரத்து அற்றுப்போன இராயபுரக் கரையும் அதற்கு அப்பாலுள்ள நம் குப்பங்களின் கரையும் அரிப்புண்டு தேய்ந்தன. தெற்கே உள்ளவனுக்கு நிலம் கொடுத்த அதே சுவர், வடக்கே உள்ளவன் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தது.

இதில் ஒரு சட்டக் கேள்வி பொதிந்திருக்கின்றது. புதிதாய் வளர்ந்த மணல் யாருடையது? தலைமுறை தலைமுறையாய்க் கட்டுமரம் ஏற்றி வலை உலர்த்தியவன் அதன்மேல் ஓர் உரிமையும் உடையானல்லனோ? தேய்ந்துபோன கரையில் வீடிழந்தவன் யாரிடம் ஈடு கேட்பது? 1884-இல் கவர்னர் கிராண்டு டப் துரை புதுமணலின் ஓரமாய் உலாவீதி அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். உலாவ வந்தோர்க்கு அது காற்று வாங்கும் இடம், குப்பத்தார்க்கோ தொழிற்களம். நூறாண்டு கழித்து 1985-ஆம் ஆண்டு டிசம்பரில், மெரினாவினின்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எழுந்த கலகத்தில் போலீசார் சுட, நம்மவர் உயிர்கள் மாண்டன. அக்கேள்விக்குக் காலத்தில் விடை காணாததன் பயன் அது என்றே யாம் கருதுகின்றோம். இக்கேள்வி பிறந்த மணலிலேயே தவழ்ந்த பிள்ளை, பின்னாளிற் சட்டம் பயின்றான்.

ஆனால் அப்பயிற்சி எளிதிலே கைகூடிற்றன்று. 1881-இல், இருபத்தொரு வயதில், மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர்க் கிறித்தவக் கலாசாலையிலும் இராசதானிக் கலாசாலையிலும் பயின்றார். 1889-இல் அங்கம்மாளை மணந்தார். கமலா என்னும் மகளார் பிறந்தார். இடையே புத்த தருமத்தில் ஈடுபாடு கொண்டு, அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் இலட்சுமிநரசு முதலானோரோடு பழகினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவதை மறுத்த அப்பெரியோரின் கூட்டுறவு, இவர் உள்ளத்தில் ஊன்றிய வித்து பின்னாளில் எத்தகைய மரமாயிற்று என்பதனை அறிஞர் அறிவர். சட்டப் பரீட்சையில் தேறி அவர் ஹைக்கோர்ட்டு வக்கீலாய்ப் பதிவு செய்துகொண்டது 1907-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு! நாற்பதைக் கடந்தவுடன் இனி என்ன படிப்பு என்று ஏட்டைக் கட்டி வைக்கும் எம்போன்றோர் இதனைச் சற்றே சிந்தித்தல் நலம். நம் பிள்ளைகளுள் இருமுறை தேறாது போனவுடன் படிப்பை விடுவிக்கும் பெற்றோரும் சிந்திக்க.

அவர் வழக்குரைத்த ஹைக்கோர்ட்டு மாளிகையை நம் கடலோடிகள் வேறொரு வகையில் அறிவர். 1894 முதல் 1977 வரை அதன் கோபுரத்தின் உச்சியிலேதான் சென்னையின் கலங்கரை விளக்கு எரிந்தது. இரவில் ஆழ்கடலிற் சென்ற கட்டுமரக்காரர்க்கு ஹைக்கோர்ட்டு என்றால் திசைகாட்டும் ஒளி. அதன் உள்ளே நிகழ்வது அவர் அறியாதது. அவ்வொளியின் கீழே கறுப்பு அங்கி அணிந்து நின்ற முதல் தலைமுறை நெய்தல் நிலத்தாருள் இவர் ஒருவர். வருவாய் நன்றாகவே இருந்தது. வீடும் நூல்களும் நண்பர் கூட்டமும் உடையவராய் வாழ்ந்தார். ஆயிரக்கணக்கான நூல்களைத் தம் இல்லத்திற் சேர்த்து வைத்திருந்தார் என்பது அந்நாளில் ஊரறிந்த செய்தி. அவ்வாறே இருந்து முடிந்திருந்தால் நல்ல வக்கீல் ஒருவர் வாழ்ந்தார் என்பதோடு கதை நின்றிருக்கும்.

நில்லாமற் போனதற்குக் காரணம் வடசென்னையின் ஆலைகள். 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில், பெரம்பூரை ஒட்டிய பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் முதலானோர் துணை. அக்காலத்துச் சட்டநிலையை இன்றைய இளைஞர் நம்பவும் மாட்டார்கள். தொழிலாளர் கூடிச் சங்கம் அமைத்து வேலைநிறுத்தத்துக்கு ஊக்கம் அளித்தல், ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டிய குற்றமாய்க் கருதப்பட்டது. பின்னி கம்பெனியார் வாடியாவின்மேல் ஹைக்கோர்ட்டில் வழக்கிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். பெருந்தொகை நட்டஈடும் கேட்டனர். சங்கம் வைத்தல் குற்றமன்று என்று சட்டம் வாய்திறந்து சொன்னது 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில்தான். இடைப்பட்ட காலத்தில், தொழிலாளிக்குத் துணைநின்ற எவரும் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க வேண்டியவரே.

1921-இல் அவ்வாலைகளில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் பல திங்கள் நீடித்தது. போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பட்டினி கிடந்த தொழிலாளருள் பிளவு உண்டாகிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இவற்றையெல்லாம் கண்ணாற் கண்ட சிங்காரவேலர், ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய அவ்வாண்டிலேயே, தம் வக்கீல் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிலிட்டுக் கொளுத்தி, இனி ஆங்கிலேயர் நீதிமன்றத்தில் வழக்குரைப்பதில்லை என்று அறிவித்தார். மோதிலால் நேருவும், சித்தரஞ்சன் தாசும், இராசகோபாலாச்சாரியாரும் அக்காலத்தில் வக்கீல் தொழிலை விடுத்தவர்களே. எனினும் அறுபத்தொரு வயதில், நாற்பத்தேழு வயதிற் பெற்ற ஒரு தொழிலைச் சாம்பலாக்குதல் வேறு வகையான துணிவு. இளையவன் விட்டால் மீண்டும் தொடங்கலாம். முதியவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பதினான்கு ஆண்டே அணிந்த அங்கி அது. எங்கள் நண்பர் சிலர், அதனை எரியாமல் ஏழைகளுக்காக அணிந்து வழக்காடியிருக்கலாகாதா என்று கேட்பதுண்டு. கேள்வி தவறானதன்று. அவர் இருந்திருந்தால் குப்பத்து வழக்குகள் பல வென்றிருக்கக் கூடும். ஆயினும் சட்டமே ஒருபக்கம் சாய்ந்து எழுதப்பட்டிருக்கையில், அதன்கீழ் நின்று வாதிப்பதினும் அச்சட்டம் இயற்றப்படும் இடத்தை நோக்கி நடத்தலே தக்கது என்று அவர் துணிந்தார் என்பது அவர்தம் பிற்காலச் செயல்களால் விளங்கும்.

1922-ஆம் ஆண்டின் இறுதியிற் கயையில் கூடிய காங்கிரசில் தொழிலாளர்க்காகப் பேசினார். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். இந்திய நாட்டில் மே தினம் முதன்முதற் கொண்டாடப்பெற்றது அன்றே. கூட்டங்கள் இரண்டு: ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று ஹைக்கோர்ட்டுக்கு எதிரேயுள்ள கடற்கரையில். தாம் அங்கியணிந்து சென்ற மாளிகையின் எதிரிலேயே, மணலில் நின்று, மே முதல் நாளைத் தொழிலாளர் விடுமுறை நாளாக்க வேண்டும் என்று கேட்டார். தமிழில் தொழிலாளன் என்னும் வாரத்தாளும் நடத்தினார்.

அடுத்த ஆண்டிலேயே அரசாங்கம் அவரைக் குற்றவாளியாக்கிற்று. கான்பூர்ச் சதிவழக்கு எனப்படும் அவ்வழக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121-ஏ பிரிவின் கீழ், சக்கரவர்த்தியின் ஆட்சியுரிமையைப் பறிக்கச் சதிசெய்ததாகத் தொடுக்கப்பெற்றது. டாங்கே, முசாபர் அகமது முதலியோர் சிறைப்பட்டனர். சிங்காரவேலர் நோயுற்றிருந்தமையால் சென்னையிலேயே நிறுத்தப்பட்டு, பின்னர் அவர்மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில், எந்தக் கான்பூரில் தம்மைக் குற்றக் கூண்டில் நிறுத்தவிருந்தனரோ அதே கான்பூரில் நடந்த முதற் பொதுவுடைமை மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

அதே 1925-ஆம் ஆண்டில்தான் சென்னை மக்கள் அவரை நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பினர். அக்கழகம் 1688-இல் தொடங்கியது. அன்று மேயரும் ஆல்டர்மென்னும் இருந்தனர். இடையில் மேயர் என்ற பெயர் மறைந்து, 1933-இல் இராசா சர் முத்தையச் செட்டியார் காலத்தில் மீண்டும் வந்தது. சிங்காரவேலர் சென்ற காலத்தில் தலைவர் என்ற பெயரே வழங்கிற்று. 1919-ஆம் ஆண்டின் சென்னை நகர முனிசிபல் சட்டம் அங்கத்தினர் தொகையை ஐம்பதாக்கி, தலைவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அளித்திருந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவர் வடசென்னைப் பெருமகனாராகிய சர் பிட்டி தியாகராயர். வாக்குரிமையோ எல்லார்க்கும் இல்லை. வரி கட்டும் தகுதியுடையார்க்கே உண்டு. குப்பத்துக் குடிசைவாசி பெயர் பட்டியலில் ஏறுவது அரிது. ஆகவே எவன்மேல் நோட்டீசு மிகுதியும் சார்த்தப்பட்டதோ அவனுக்கு வாக்கில்லை. மன்றத்தில் அவனுக்காகப் பேசப் பிறந்தவர் ஒருவர் அமர்ந்ததன் அருமை இங்கே விளங்கும்.

இனி, அச்சட்டத்தின் அமைப்பைச் சிறிது விளக்குதல் நம் இளைஞர்க்குப் பயன்படும். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் கமிஷனர் கையில். உபவிதிகளை இயற்றும் அதிகாரம் மன்றத்தின் கையில். உபவிதி ஒன்று மன்றத்தில் நிறைவேறி அரசாங்கத்தின் இசைவு பெற்ற பின்னரே, அதனை மீறியவன் என்று ஒருவனை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த இயலும். வழக்கு வந்தபின் வாதாடுவோன் ஒருவனை மட்டுமே விடுவிப்பான். உபவிதி வரும்போதே தடுத்து வாதாடுவோன் ஆயிரம் பேரை விடுவிப்பான். சட்டம் கற்ற அங்கத்தினர்க்கும் சட்டம் கல்லாத அங்கத்தினர்க்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். கழகத்தின் சட்ட ஆலோசகர் கழகத்துக்காகப் படிக்கும் விதியை, மக்களுக்காகப் படித்துக் காட்டும் ஒருவர் எதிர்வரிசையில் இருத்தல் வேண்டும். சம்பளமின்றி அப்பணியை ஏற்றவர் சிங்காரவேலர்.

ஆங்கிலமே நிலவிய அம்மன்றத்தில் அவர் தமிழை வழங்கினார் என்று அவர் வரலாறு எழுதினோர் குறிப்பர். தமிழாசிரியன் என்ற முறையில் இதனை யாம் விரும்பிச் சொல்வது இயல்பே. ஆயினும் இது மொழிப்பற்று மட்டுமன்று. மொழி அறியாதவனுக்கு அவன் அறியாத மொழியில் விதி செய்து, அவன் அறியாத மொழியில் நோட்டீசு கொடுத்து, அறிந்தும் மீறினான் என்று தண்டித்தல் எவ்வகை நீதி? மன்றத்திற் பேசப்படுவது மக்கட்குப் புரியாதாயின் அவர்கள் அதனை எதிர்ப்பதும் இயலாது, ஏற்பதும் இயலாது.

நகரமன்றத்தோடு அவர் நின்றாரல்லர். 1928-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தென்னிந்திய இரயில்வேயில் வேலைநிறுத்தம் எழுந்தது. தொழிற்சாலைகளை நாகப்பட்டினம் முதலிய இடங்களினின்று பொன்மலைக்கு ஒருங்கு சேர்த்து ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டதே அதற்குக் காரணம். தொழிலாளர்க்குத் துணைநின்ற சிங்காரவேலர் கைது செய்யப்பட்டுப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பெற்றார். வயது அறுபத்தெட்டு! அப்பீலில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930-இல், எழுபது வயதில் வெளிவந்தார். எந்த நீதிமன்றங்களின் நடைமுறையை ஓர் எழுத்தும் விடாது கற்றிருந்தாரோ, அவற்றின் கூண்டில் நின்று அவற்றின் தீர்ப்பைக் கேட்ட மனிதர் என்ன எண்ணியிருப்பார் என்பது நம் கற்பனைக்கு உரியது.

வெளிவந்த பின் எழுத்திலே தம் காலத்தைச் செலவிட்டார். குடி அரசு முதலிய தாள்களில், விஞ்ஞானமும் சமூகமும் பற்றி, எளியோரும் அறியும் தமிழில் கட்டுரைகள் வரைந்தார். ஈ. வெ. இராமசாமியார் நடத்திய சுயமரியாதை இயக்கத்தோடு சேர்ந்து 1932-இல் ஈரோட்டுத் திட்டம் உருவாகத் துணைசெய்தார். 1945-இல் அச்சுத் தொழிலாளர் கூட்டத்திற் பேசியபோது அவர் வயது எண்பத்தைந்து. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள், எண்பத்தாறு நிறைதற்கு ஒரு வாரம் இருக்கையில், இயற்கை எய்தினார்.

நம் சங்கத்தார்க்கு ஒன்று சொல்லியாதல் வேண்டும். பழைய ஆவணங்களில் அவர் பெயர் சிங்காரவேலு செட்டியார் என்றே காணப்படும். அக்குலப் பட்டம் நாளடைவில் உதிர்ந்து, சிங்காரவேலர் என்று நிலைத்தது. அவர் நம்மவர் என்று நாம் உரிமை பாராட்டுவதில் தவறில்லை. அயோத்தியா குப்பத்து மணலை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் ஆலைத்தொழிலாளியும் இரயில்வேத் தொழிலாளியும் அச்சுக்கோப்பவனும் அவரைத் தம்மவர் என்று கூறும்போது நாம் முகம் சுளித்தல் ஆகாது. அவர்களுக்காகச் சிறை சென்றவர் அவர். சாதிவேறுபாட்டைக் கடிந்தவரும் அவரே. நம் பத்திரிகையில் அவர் படத்தை அச்சிடும்போது இதனையும் சேர்த்து அச்சிடுவதே நேர்மை.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டமையால், முன்னர்த் தம் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்து சென்ற நம்மவர் சிலர் இப்பொழுது வழக்குக்கும் வரிக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டியுள்ளது. நில உரிமை, பட்டா, சாதிச் சான்று முதலியவற்றுக்காக இராயபுரத்தார் செல்லும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இராசாசி சாலையில், துறைமுகத்தின் எதிரே, ஹைக்கோர்ட்டுக்கு அணித்தே இருக்கின்றது. அக்கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. அடுத்த முறை மனுவோடு அவ்வழி செல்வோர், வாயிலில் எழுதியிருக்கும் அப்பெயரைத் தம்முடன் வரும் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்வார்களாக.